ஒரு வரியும் மாற்றாத அக்கா

அக்கா சொல்லும் கதையில் செத்தவர் செத்தவர்தான். எங்கள் செக்கிங் டேபிளைச் சுற்றி உட்கார்ந்திருந்த எட்டுப் பேரும் கெஞ்சிப் பார்த்திருக்கிறோம், அழுது பார்த்திருக்கிறோம். ஒருத்தரைக்கூட அவர் உயிரோடு எழுப்பித் தந்ததில்லை. "நானாங்க எழுதுனேன்? எழுதுனவுங்க கொன்னு போட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்?" என்பார். கை மட்டும் பனியனைத் திருப்பித் திருப்பித் தையல் பார்த்துக்கொண்டே இருக்கும்.

திருப்பூரிலிருந்து அவிநாசி போகிற வழியில் இருந்தது அந்தக் கம்பெனி. கீழே கட்டிங், நடுவில் தையல் மிஷின்கள், மேல்மாடியில் நாங்கள். தலைக்கு மேலே தாழ்வாகத் தொங்கும் ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஒவ்வொரு பீஸாக எடுத்து, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்து, பிசிறு வெட்டிப் போட வேண்டும். கண்ணுக்கும் கைக்கும் வேலை இருக்கும். காது சும்மா கிடக்கும். அந்தச் சும்மா கிடந்த காதுகளைத்தான் அக்கா எடுத்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்ட் கடையில் கிளிப் மாட்டித் தொங்குமே மாத நாவல்கள், அவற்றைத்தான் அவர் படிப்பார். பனியன் போடுகிற பாலிபேக்கில் அந்தப் புத்தகத்தையும் போட்டு மூடி வைத்திருப்பார். கம்பெனிக்குக் கொண்டுவர மாட்டார். வீட்டில் படித்துவிட்டு வந்து, மறுநாள் டேபிளில் அப்படியே சொல்வார். குரலை மாற்றி நடித்துக் காட்டுகிற வேலையெல்லாம் கிடையாது. ரேஷன் கடையில் என்ன போடுகிறார்கள் என்று சொல்கிற குரலில்தான் காதலும் வரும், கொலையும் வரும்.

"அவன் வெள்ளைச் சட்டை போட்டுட்டு வந்து நின்னான்."

"பேன்ட்டு என்ன கலருங்க்கா?"

"எழுதல கண்ணு."

"சும்மா சொல்லுங்க. நீலம்னு வெச்சுக்கலாமே."

"நீ வெச்சுக்க. நான் சொல்ல மாட்டேன்."

எனக்கு எரிச்சலாக வரும். நீலம் என்று ஒரு வார்த்தை சொன்னால் இவருக்கு என்ன குறைந்துவிடும் என்று பல்லைக் கடித்திருக்கிறேன். வேறு டேபிளிலும் ஒருத்தி கதை சொல்வாள். கைதட்டல் வாங்குவதற்காக அவள் கதாநாயகிக்கு இரண்டு தடவை கல்யாணம் செய்து வைப்பாள், வில்லிக்குக் கண்ணைக் குருடாக்குவாள். கேட்டுச் சிரிப்போம், அதோடு மறந்துபோவோம். அக்கா சொன்ன ஆட்கள் அப்படி மறந்துபோகவில்லை. அவர்களுக்காக நாங்கள் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறோம் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், உண்மை அதுதான்.

ஒருமுறை எங்கள் டேபிளில் ஏழு மாதக் கர்ப்பமாக ஒரு பெண் இருந்தாள். அந்த மாதத்துக் கதையிலும் கதாநாயகி கர்ப்பம். கதை போகிற போக்கைப் பார்த்ததும் பிரசவத்தில் அவள் பிழைக்க மாட்டாள் என்று தெரிந்துவிட்டது. ஆளாளுக்கு அக்காவுக்குக் கண்ஜாடை காட்டினோம். சூபர்வைசர்கூட வந்து, "அந்தப் புள்ளையப் பொழைக்க வெச்சுருங்கக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போவுது," என்றார். அக்கா கர்ப்பிணியைப் பார்த்து, "கண்ணு, நீ போயித் தண்ணி குடிச்சுட்டு மெதுவா வா," என்றார். அவள் நகரவில்லை. "சொல்லுங்க்கா," என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தாள். அக்கா சொன்னார். கதாநாயகி செத்துப்போனாள். இந்தப் பெண் கையிலிருந்த பீஸைப் போட்டுவிட்டு எழுந்து போனவள் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை.

"உங்களுக்கு மனசுன்னு ஒன்னு இருக்குதுங்களா?" என்று கேட்டே விட்டேன்.

"பொழச்சுட்டான்னு நான் சொல்லியிருப்பேன். நாளைக்கு அதே பொஸ்தகத்த வேற யாராச்சும் படிச்சுட்டு, செத்துட்டான்னு இதுகிட்டச் சொல்லுவாங்க. அப்பறம் ஆசுபத்திரில டாக்டரம்மா எல்லாம் நல்லாருக்குதுன்னு சொன்னாலும் இது நம்பாது. எல்லாரும் நம்மளுக்காகத்தான் மாத்திச் சொல்றாங்கன்னு நெனச்சுக்கும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் கோபம் இன்னும் அதிகமாயிற்று. ஆனால் அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தபோது, எங்கள் எல்லோருக்கும் முன்னால் ஆசுபத்திரி வாசலில் போய் நின்றவர் அக்காதான்.

அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததே இவ்வளவுதான். ஒடிசலான உடம்பு. மூக்குக் கண்ணாடி விழாமல் இருக்க, ஜட்டிக்குப் போடும் எலாஸ்டிக் துண்டு ஒன்றைக் கட்டித் தலைக்குப் பின்னால் மாட்டியிருப்பார். காங்கயம் பக்கம் என்று ஒருதரம் சொன்னார். கல்யாணம் ஆனதா, ஆகி என்னவானது, யாருக்கும் தெரியாது. கேட்டால் கதைக்குப் போய்விடுவார். பிற்பாடு கம்பெனி இடம் மாறியபோது ஆளுக்கொரு பக்கம் சிதறினோம். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

அந்தச் சித்திரை மாதத்துக் கதையைத்தான் நான் சொல்ல வேண்டும். அதில் வந்தவன் கோபக்காரன். பெரிய வீட்டுப் பிள்ளை, உயரம், யாரையும் மதிக்காத பேச்சு. கட்டிக்கொண்டு வந்தவளை எடுத்தெறிந்து பேசுவான். சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி வீசுவான். எங்கள் எட்டுப் பேருக்கும் அவன்மேல் அப்படி ஒரு பைத்தியம். காலையில் வந்து கம்பெனி கொடுத்த கோட்டை மாட்டும்போதே, "இன்னைக்காச்சும் திருந்துவானாங்க்கா?" என்று ஆரம்பித்துவிடுவோம்.

"வரும். எழுதியிருக்குது," என்றார் அக்கா முதல் நாள்.

இத்தனை மோசமானவனை ஏன் எங்களுக்குப் பிடித்தது என்று நான் பலநாள் யோசித்திருக்கிறேன். எங்கள் எட்டுப் பேரில் ஒருத்தியிடமும் எந்த ஆம்பளையும் வந்து, "நான் பண்ணினது தப்பு," என்று சொன்னதில்லை. அப்பன் சொன்னதில்லை, புருஷன் சொன்னதில்லை, சூபர்வைசர் சொன்னதே இல்லை. கதையில் வருகிறவன் சொல்வான். கடைசியில் கண்ணீர் விட்டு, காலைப் பிடித்துச் சொல்வான். அந்த ஒரு பக்கத்துக்காக நூறு பக்கம் அவனிடம் திட்டு வாங்கிக்கொண்டோம். நல்லவன் மன்னிப்புக் கேட்டால் அதில் என்ன ருசி இருக்கிறது?

எனக்கு இதில் சொந்தக் காரணமும் ஒன்று இருந்தது. கீழே கட்டிங் மாஸ்டர் என்னைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். என் புருஷன் லாரி விபத்தில் போய்ச் சேர்ந்த பிறகு, மகளை வைத்துக்கொண்டு திருப்பூர் ராயபுரத்தில் ஒரு லைன் வீட்டில் இருந்தேன். மாஸ்டர் நல்ல சம்பளக்காரர். என் மகளுக்குப் பள்ளிக்கூடப் பை வாங்கித் தந்தவர். மூலனூரில் என் அம்மாவும் சரி என்றுவிட்டாள். வருகிற வெள்ளிக்கிழமை அவிநாசி கோயிலில் தாலி கட்டிக்கொள்வது, அந்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்வது என்று எல்லாம் முடிவாகியிருந்தது. இன்றைக்கும் எனக்கு வாயில் 'அவர்' என்றுதான் வருகிறது, பாருங்கள்.

அவருக்குக் கோபம் வரும். ஒருநாள் துணி இறக்க வந்த வேன் டிரைவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டேன். மாஸ்டர் என்னைத் துணி ரோல் அடுக்கி வைத்திருந்த மறைவுக்கு இழுத்துப்போய், மேல்கையைப் பிடித்தார். கத்தவில்லை, திட்டவில்லை. பிடித்த பிடியை மட்டும் விடவே இல்லை, நான் முகத்தைப் பார்த்துக் கெஞ்சும்வரை. நாலு விரல் தடமும் நீலமாகக் கன்றிப்போயிற்று. மறுநாள் மத்தியானம் எனக்குப் பரோட்டா வாங்கி மேலே அனுப்பினார். நான் அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். நாவலில் வருகிறவனும் ஆரம்பத்தில் இப்படித்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அந்த வெயிலுக்கு டேபிளில் எல்லோரும் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டிருந்தார்கள். நான் மட்டும் முழுக்கைக் கோட்டோடு வேர்த்து வழிந்துகொண்டிருந்தேன்.

"கோட்டக் கழட்டலையா கண்ணு?" என்றார் அக்கா.

"குளுருதுங்க்கா."

சித்திரை மாதத்தில் குளிர்கிறதாம். அக்கா கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். பீஸை எடுத்தபோது என் கோட்டுக் கை முழங்கைக்கு மேலே ஏறியது. நான் அவசரமாக இழுத்துவிட்டேன். அவர் பார்த்துவிட்டார் என்று எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து கதை நகரவே இல்லை. அடுத்தடுத்த நாட்களில் அவன் திட்டிய ஒவ்வொரு திட்டையும், வீசிய ஒவ்வொரு சாமானையும் ஒன்றுவிடாமல் சொன்னார். முன்பும் அப்படித்தான் சொல்வார், ஆனால் இப்போது ஒவ்வொன்றுக்கும் என் முகத்தைப் பார்த்தார். அவன் எப்போது திருந்துவான் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் திருந்தினால் மாஸ்டரும் திருந்துவார் என்று எப்படியோ மனசில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

எங்கள் டேபிளில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அக்கா சொல்லி முடிக்கும்வரை யாரும் அந்தப் புத்தகத்தைத் தனியாக வாங்கிப் படிக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அதை வாங்கிவிட்டேன். குடிதண்ணீர்க் குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, அங்கேயே குந்தி உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். ஆசுபத்திரி வராந்தாவில் அவன் அவள் முன்னால் மண்டி போட்டு அழுகிறான். உன்மேல் வைத்த பாசத்தைச் சொல்லத் தெரியாமல்தான் அப்படியெல்லாம் நடந்துகொண்டேன் என்கிறான். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. என் முறை வந்ததும் தெரியவில்லை, பின்னால் இருந்தவள் என் குடத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பிடித்துக்கொண்டு போனாள். போகட்டும் என்று விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குப் புடவை எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை அக்கா கதையை முடித்தார்.

"அவன் வாசப்படியில நின்னான். அவ துணிமணிய எடுத்துப் பையில வெச்சா. அவன் போகாதேன்னான். அவ ஒன்னுமே சொல்லல. ரோட்டுக்கு வந்து பஸ்ஸுல ஏறிட்டா. அவன் அங்கேயே நின்னுட்டு இருந்தான். அவ்வளவுதான், முடிஞ்சுது."

டேபிளே எழுந்துவிட்டது. "முடிஞ்சுதுங்களா? மன்னிப்புக் கேக்கலையா?" "வரும்னு நீங்கதான சொன்னீங்க?" "இதுக்கா இத்தன நாளு இழுத்தீங்க?"

"அவன் திருந்தல. என்னைய என்ன பண்ணச் சொல்றீங்க?" என்றார்.

ஏழு பேருக்கும் தெரியாதது எனக்குத் தெரியும். பேன்ட்டுக்கு ஒரு கலர் சொல்லாத பெண்மணி, கடைசி அத்தியாயத்தையே தூக்கி எறிந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். பொய் என்று கத்த வாயைத் திறந்தேன். அப்போது அவர் கையைப் பார்த்தேன். பார்த்து முடித்த ஒரே பனியனை மறுபடி மறுபடி உள்ளும் புறமுமாகத் திருப்பிக்கொண்டிருந்தது அந்தக் கை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

மத்தியானம் கை கழுவும் குழாயடியில் அவரைப் பிடித்தேன்.

"பொய் சொன்னீங்க."

"படிச்சுட்டியா?"

"ஞாயித்துக்கெழமையே படிச்சுட்டனுங்க. வயித்துப் புள்ளக்காரி கேட்டப்பக்கூட மாத்தாதவுங்க, இப்ப எதுக்குங்க மாத்துனீங்க?"

அக்கா டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்தார். "அந்தப் பொஸ்தகத்துல அவன் அவளத் திட்டிப்போட்டு ரூமுக்குள்ள போயி அழுவான். அது எழுதியிருக்குது. அவன் உள்ளுக்குள்ள நல்லவன்னு படிக்கறவங்களுக்கு மொதல்லயே தெரிஞ்சுபோவுது. அதுனாலதான் அவன நம்மளுக்குப் புடிக்குது. உன்ற ஆளு ரூமுக்குள்ள போயி என்ன பண்றாருன்னு உனக்கு யாரு கண்ணு எழுதிக் குடுத்தாங்க?"

"பரோட்டா வாங்கி அனுப்புனாருங்க."

சொன்ன பிறகுதான் அது எத்தனை அற்பமாக இருக்கிறது என்று என் காதுக்கே கேட்டது. வெட்கமாகப் போயிற்று. அக்கா சிரிக்கவில்லை. "வா, மணியடிச்சுட்டாங்க," என்றார்.

சாயங்காலம் பொழுதோட வேலை முடிந்து கேட்டுக்கு வந்தால், மாஸ்டர் பைக்கோடு நின்றிருந்தார். அக்கா எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

"ஏறு, புடவை எடுத்துட்டு வந்துரலாம்."

"வெள்ளிக்கெழம வேண்டாங்க."

"வேண்டாம்னா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். சுற்றிலும் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். வந்து அதே இடத்தில் கையைப் பிடித்தார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அக்கா என் பக்கத்தில் வந்து நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க போங்க்கா. இது எங்க ஊட்டு விஷயம்," என்றார் மாஸ்டர்.

"பஸ்ஸு வரலீங்க."

பஸ் வந்தது. அவர் தினமும் ஏறுகிற பஸ். கண்டக்டர்கூட அவரைப் பார்த்து விசில் அடித்தான்.

"உங்க பஸ்ஸு வந்துருச்சே."

"அதுல கூட்டமுங்க. நான் அடுத்ததுல போய்க்கறேன்."

பஸ் போய்விட்டது. அக்காவுக்குப் பயம். சாப்பாட்டுப் பைக்குள் டிபன் பாக்ஸும் ஸ்பூனும் கிலுகிலுவென்று ஆடுகிற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. ஆனாலும் நகரவில்லை. கேட்டில் இருந்த வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். தையல் செக்ஷன் பெண்கள் இரண்டு பேர் நடையை நிறுத்தினார்கள். மாஸ்டர் கையை விட்டார். "நாளைக்குப் பேசிக்கறேன்," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். மறுநாளும் நின்றார், அதற்கு மறுநாளும் நின்றார். இரண்டு நாளும் அக்கா தன் பஸ்ஸை விட்டுவிட்டு என்னோடு நின்றார். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகாமலே கழிந்தது. அன்று ராத்திரி முழுக்க என் மகளை நான் பக்கத்தை விட்டு நகர விடவில்லை.

திங்கட்கிழமை காலையில் டேபிளில் குண்டு வெடித்தது. எங்களில் ஒருத்தியின் மகள் அதே நாவலைப் படித்துவிட்டாள். கடைசிப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அம்மாவின் போனுக்கு அனுப்பியிருந்தாள்.

"மண்டி போட்டு அழுவறான், இங்க பாருங்க! எங்களை முட்டாளுன்னு நெனச்சீங்களா?"

போன் கைக்குக் கை மாறியது. ஆளுக்கொரு பேச்சுப் பேசினார்கள். இத்தனை வருஷமாக இவர் சொன்னதில் எது நிஜம், எது பொய் என்று ஒருத்தி கேட்டாள். கர்ப்பமாக இருந்த அந்தப் பெண்ணும் குழந்தை பெற்று வேலைக்குத் திரும்பியிருந்தாள். "அன்னைக்கு எனக்காக மாத்தலையே," என்று அவள் கேட்டபோது, அக்கா முதல்முறையாகத் தலையைக் குனிந்தார்.

"மறந்து போச்சுங்க. வயசாயிப் போச்சு. வேற ஏதோ கதையோட சேத்துட்டேன் போல," என்றார்.

மறதியாம். ஒரு சட்டையின் நிறத்தைக்கூடத் தவறவிடாத மனுஷி, எனக்காகத் தன்னை மறதிக்காரி என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரோ கெக்கெக்கே என்று சிரித்தார்கள். இனிமேல் போனிலேயே கேட்டுக்கொள்ளலாம் என்றாள் ஒருத்தி. அக்கா என்னைப் பார்த்து, சும்மா இரு என்பதுபோல் லேசாகத் தலையாட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கோட்டைக் கழற்றினேன். கையை மேசையின் நடுவில், ட்யூப்லைட்டுக்குக் கீழே நீட்டி வைத்தேன்.

ஏழு பேரும் டேமேஜ் பார்த்தே பழகியவர்கள். விளக்கம் தேவைப்படவில்லை. மஞ்சளாக மங்கியது பழையது, அதன்மேல் கறுத்திருந்தது புதியது. நாலு விரல், நாலு விரல். போனை வைத்திருந்தவள் அதை அணைத்து, பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

கைக்குழந்தைக்காரிதான் முதலில் பேசினாள். அவள் தன் முன்னால் கிடந்த பீஸை எடுத்து விரித்துக்கொண்டாள்.

"அக்கா, பஸ்ஸுல ஏறிப் போனாளே. அவ எங்க போனாளுங்க?"

அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு ஒரு பனியனைக் கையில் எடுத்தார்.

"திருப்பூருக்குத்தான் வந்தா," என்றார். "ஒரு பனியன் கம்பெனில வேலை கெடச்சுது. செக்கிங்ல."